விளாதிமிர் என்ற பெயருக்கு உண்மையில் என்ன பொருள்?

இக்கேள்வியைக் கேட்டவர், தம் தாத்தா பொதுவுடைமை இயக்கத்தில் இருந்தவர் என்றும், அவர் தம் மகனுக்கு லெனின் என்று பெயரிட்டார் என்றும், அந்த வரிசையில் இப்போது தமக்கு ஆண் குழந்தை பிறந்தால் விளாதிமிர் என்று பெயர் சூட்ட வீட்டில் எண்ணியிருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். பெயர்ப் பட்டியல்களைப் புரட்டினால் ஒன்றில் 'உலகை ஆள்பவன்' என்றும், மற்றொன்றில் 'அமைதியின் அரசன்' என்றும், வேறொன்றில் 'ஆட்சியால் புகழ்பெற்றவன்' என்றும் போட்டிருக்கிறதாம். இவற்றில் எது சரி, ரஷ்ய அதிபருக்கும் உக்ரைன் அதிபருக்கும் இருப்பது ஒரே பெயர்தானா, இதற்கு முன் யார் யார் இப்பெயரைத் தாங்கியிருக்கிறார்கள் என்பவை அவர் கேட்டவை. மேலோட்டமாகப் பார்த்தால் இது அகராதியைத் திறந்து பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி. உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இப்பெயரை முதலில் கோத்தவர்கள் என்ன பொருளில் கோத்தார்கள் என்பது ஒன்று. பின்னால் வந்த தலைமுறைகள் அதைக் கேட்கும்போது என்ன பொருளாக உணர்ந்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை வேறு வேறு. பட்டியல்கள் ஒன்றோடொன்று முரண்படுவதும் அதனால்தான்.

நான் மாஸ்கோவில் ரஷ்ய மொழியும் பழைய ஸ்லாவியமும் படித்தவன். ஊர் திரும்பிய பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரஷ்ய மொழி கற்பித்து வருகிறேன். ரஷ்யம், உக்ரேனியம், பழைய திருச்சபை ஸ்லாவியம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்வதை நேரடிப் பயிற்சியிலிருந்து சொல்கிறேன். போலிஷ், செர்பிய மொழிகளைப் பற்றிய செய்திகளுக்கு அகராதிகளையும் வரலாற்று நூல்களையும் நம்பியிருக்கிறேன். எது உறுதி, எது கருத்து வேறுபாட்டுக்கு உரியது, எது என் ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே குறிப்பிடுகிறேன்.

பெயரின் முதற்பாதியில் ஐயமே இல்லை. அது 'ஆளுதல், அதிகாரம் செலுத்துதல்' என்ற பொருளுடைய வேர்ச்சொல். இன்றைய ரஷ்ய மொழியில் அதிகாரத்தைக் குறிக்கும் 'விளாஸ்த்' என்ற சொல்லும், உடைமையாகக் கொள்வதைக் குறிக்கும் 'விளாதேத்' என்ற வினையும் அதே வேரில் பிறந்தவை. பழைய ரஷ்ய ஆட்சிப் பிரிவான 'வோலஸ்த்' என்பதும் அவ்வாறே. ஒருவருடைய ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பகுதி என்பது அதன் முதற்பொருள். லித்துவேனிய மொழியில் ஆள்வதைக் குறிக்கும் 'வல்தீத்தி', ஜெர்மன் மொழியின் 'வால்டன்' ஆகியவை தூரத்து உறவுகள். 'விசெவோலத்' என்ற இன்னொரு பழைய இளவரசர் பெயரிலும் இதே வேர் பின்பாதியாக நிற்கிறது. 'எல்லாவற்றையும் ஆள்பவன்' என்று அதற்குப் பொருள் சொல்லலாம்.

அந்த வேரின் மூல வடிவம் 'வொல்த்' என்பது போன்றது. மெய்கள் இப்படி நெருங்கி நின்றதை ஸ்லாவிய மொழிக் கிளைகள் வெவ்வேறு விதமாகத் தளர்த்தின. தெற்கே பல்கேரியாவிலும் செர்பியாவிலும் உயிரும் மெய்யும் இடம் மாறி 'விளாத்' ஆனது. கிழக்கே கீவ், நோவ்கோரத் பகுதிகளில் நடுவில் இன்னோர் உயிர் நுழைந்து 'வொலொத்' ஆனது. நகரத்தைக் குறிக்கும் சொல் தெற்கே 'கிராத்' என்றும் கிழக்கே 'கோரத்' என்றும் இருப்பது இதே விதியால்தான்; பெல்கிராடில் ஒன்றையும் நோவ்கோரத்தில் மற்றொன்றையும் கேட்கலாம். மெய்ம்மயக்கம் நாவுக்கு ஒவ்வாதபோது உயிரைச் செருகிச் சரிசெய்துகொள்வது தமிழர்களுக்குப் பழகிய வேலை. ரஷ்யர்கள் வகரத்தையும் லகரத்தையும் இடையில் உயிரின்றிச் சேர்த்துத் தொடங்கும் பெயருக்கு நாம் 'வி' என்று ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம் அல்லவா, கிழக்கு ஸ்லாவியர்கள் தங்கள் இடைஞ்சலை ஏறத்தாழ அதே வழியில் தீர்த்துக்கொண்டார்கள்.

இதிலேயே இரு அதிபர்களின் பெயர் பற்றிய கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. ரஷ்ய அதிபரின் விளாதிமிரும் உக்ரைன் அதிபரின் வொலோதிமிரும் ஒரே பெயர்தான். கீவ் நாட்டு மக்கள் பேச்சில் வழங்கியது 'வொலொ' வடிவம். பல்கேரிய நிலத்தில் உருவாகிக் கீவுக்கு வந்த திருச்சபை நூல்களின் மொழியில் இருந்தது 'விளா' வடிவம். உக்ரேனிய மொழி பேச்சு வடிவத்தைக் காப்பாற்றிக்கொண்டது. ரஷ்ய மொழி காலப்போக்கில் நூல் வடிவத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும் ரஷ்யர்கள் வீட்டில் செல்லமாகக் கூப்பிடும்போது 'வொலோத்யா' என்றே கூப்பிடுகிறார்கள். பழைய பேச்சு வடிவம் அங்கே ஒளிந்துகொண்டு உயிரோடு இருக்கிறது. பெலாரூசியர்கள் 'உலாத்சிமிர்' என்கிறார்கள். போலந்துக்காரர்களின் வடிவம் ஏறத்தாழ 'வுவொஜீமியெஷ்' என்று ஒலிக்கும். பழக்கமில்லாத காதுக்கு அது வேறு பெயராகவே தோன்றும்.

சிக்கல் பின்பாதியில்தான் இருக்கிறது. என் முதலாண்டு வகுப்பில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது எளிதாக விளங்கும். எங்களுக்குப் பழைய ஸ்லாவியம் கற்பித்த முதிய பேராசிரியை ஒருநாள் உள்ளே வந்ததும் ஒன்றும் பேசாமல் கரும்பலகையில் விளாதிமிர் என்ற பெயரை மூன்று வரிகளில் எழுதினார். மூன்றிலும் ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது: 'மிர்' என்பதன் நடுவில் வரும் உயிர். முதல் வரியில் இன்று வழங்கும் இகர எழுத்து. இரண்டாம் வரியில் புள்ளி வைத்த பழைய இகரம். மூன்றாம் வரியில் தலையில் குறுக்குக்கோடும் காலில் வட்டமும் கொண்ட 'யாத்' என்ற எழுத்து. 1918 ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தோடு பின்னவை இரண்டும் ரஷ்ய நெடுங்கணக்கிலிருந்து போய்விட்டன. அவர் முதலிரண்டு வரிகளையும் அழித்துவிட்டு, யாத் எழுதிய வரியைச் சுண்ணக்கட்டியால் தட்டி, "இந்தப் பெயர் பிறந்தபோது இதில் அமைதியும் இல்லை, உலகமும் இல்லை" என்றார். அவர் விரல் நுனியெல்லாம் வெள்ளையாக இருந்தது இன்றும் நினைவில் நிற்கிறது.

அவர் சொன்னது இதுதான். மிகப் பழைய கிழக்கு ஸ்லாவிய எழுத்துகளில் இப்பெயரின் பின்பாதி 'மிர்' என்று இல்லாமல், யாத் எழுத்தோடு 'மேர்' என்பது போல வருகிறது. 1377 இல் லவ்ரேந்தி என்ற துறவி படியெடுத்த ஆண்டுக்குறிப்பு நூலில் அவ்வடிவத்தைக் காணலாம். போலிஷ் வடிவத்தின் இறுதியில் 'மியெ' என்று கேட்கிறதே, அது யாத்தின் வழித்தோன்றலாக இருக்கலாம்.  'மேர்' என்ற இந்தச் சொல் ஸ்லாவிய மொழிகளில் தனிச்சொல்லாக நிலைக்கவில்லை. பெயர்களின் வாலாக மட்டுமே எஞ்சியது. ஆனால் அதன் உறவுகள் மற்ற மொழிகளில் பளிச்சென்று தெரிகின்றன. பழைய ஜெர்மானிய இனத்தவரான கோத்தியரின் மொழியில் 'மேர்ஸ்' என்றால் புகழ்பெற்ற. பழைய உயர் ஜெர்மனில் 'மாரி' என்றாலும் அதுவே. ஐரிஷ் மொழியில் 'மோர்' என்றால் பெரிய. குழந்தைக் கதையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'மேர்ஹென்' கூட இந்தக் குடும்பம்தான். பலர் வாயில் புழங்கும் செய்தி என்பதிலிருந்து கதையாகச் சுருங்கியது. ஆக, விளாதிமிர் என்பதன் மூலப்பொருளைத் தமிழில் 'ஆட்சியில் பெரியவன்' என்றோ 'ஆட்சியால் புகழ்பெற்றவன்' என்றோ சொல்லலாம். பட்டியல்களில் கண்ட மூன்றில் மூன்றாவதே மூலத்துக்கு நெருக்கமானது.

இதில் கருத்து வேறுபாட்டுக்கு உரியது ஒன்று உண்டு. இந்த 'மேர்' ஸ்லாவியர்களுக்குத் தங்கள் தொல்மொழியிலிருந்தே வந்ததா, கோத்தியர்களோடு பழகியபோது அவர்கள் பெயர்களைப் பார்த்து எடுத்துக்கொண்டதா என்பதில் மொழியியலாளர்கள் ஒன்றுபடவில்லை. 5 ஆம் நூற்றாண்டில் கிழக்குக் கோத்தியர்களை ஆண்ட மூன்று சகோதரர்களின் பெயர்கள் வலமேர், தியோதெமேர், விதிமேர் என்று முடிவதைக் காண்கிறோம். இரண்டு இனத்தாரும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள். கடன் என்போரின் வாதத்துக்கு இது வலு சேர்க்கிறது. ஆனால் இரண்டு மொழிகளும் ஒரே மூதாதையிடமிருந்து ஒரே சொல்லைப் பெற்றிருக்கலாம் என்ற மறுப்பையும் தள்ளிவிட முடியாது. எனக்கு இரண்டாவது கருத்தின் மீதே சாய்வு அதிகம். எப்படியாயினும் பொருள் மாறப்போவதில்லை.

பிறகு 'அமைதி', 'உலகம்' என்ற பொருள்கள் எங்கிருந்து வந்தன? 'மேர்' என்ற சொல் பேச்சிலிருந்து மறைந்த பின், அதைக் கேட்டவர்களுக்கு அது பொருளற்ற ஒலியாகிவிட்டது. பொருளற்ற ஒலியை மக்கள் நெடுங்காலம் சும்மா விடுவதில்லை. பக்கத்தில் இருக்கும் பழகிய சொல்லோடு சேர்த்துவிடுவார்கள். பக்கத்தில் இருந்தது 'மிர்'. அந்தச் சொல்லுக்கு அமைதி என்றும் உலகம் என்றும் இரண்டு பொருள்கள். மாஸ்கோவில் அச்சாகி நம் ஊர்ப் புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைத்த அறிவியல் நூல்களின் முகப்பில் 'மீர் பதிப்பகம்' என்று பார்த்தவர்களுக்கும், 1986 இல் ஏவப்பட்ட மீர் விண்வெளி நிலையத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கும் இச்சொல் புதிதாக இராது. இரண்டும் அடிப்படையில் ஒரே சொல்தான். புரட்சிக்கு முந்தைய ரஷ்ய எழுத்துமுறை மட்டும் அமைதிக்கு ஓர் இகரமும் உலகத்துக்குப் புள்ளி வைத்த இகரமும் இட்டு அவற்றைப் பிரித்து வைத்திருந்தது. அந்த முறையில் விளாதிமிர் என்ற பெயரைப் புள்ளி வைத்த இகரத்தால், அதாவது உலகத்தின் எழுத்தால், எழுதினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொரு ரஷ்யரும் தம் கண்ணாலேயே 'உலகை ஆள்பவன்' என்று அப்பெயரைப் படித்தார் என்று இதற்குப் பொருள். உக்ரேனிய மொழியிலோ யாத் எழுத்து வழக்கமாக 'ஈ' ஒலியாக மாறும். ஆனால் இன்றைய வொலோதிமிரின் கடைசி உயிர் அப்படி மாறாமல், அமைதியைக் குறிக்கும் சொல்லில் உள்ள உயிராகவே இருக்கிறது. அங்கும் பழைய வால் புதிய சொல்லுக்கு இடம் கொடுத்துவிட்டது.

ரஷ்யர்கள் இப்பெயரை எப்படிப் பிரித்துக் கேட்டார்கள் என்பதற்கு இரண்டு ஊர்ப்பெயர்கள் எனக்குத் துணைச் சான்றாகத் தோன்றுகின்றன. 1784 இல் காகசஸ் மலையடியில் கட்டிய கோட்டைக்கு விளாதிகவ்காஸ் என்று பெயர் வைத்தார்கள். 1860 இல் பசிபிக் கரையில் எழுப்பிய துறைமுகத்துக்கு விளாதிவஸ்தோக் என்று வைத்தார்கள். 'காகசஸை ஆள்', 'கிழக்கை ஆள்' என்று அவை காதில் விழுகின்றன. இந்த அச்சு விளாதிமிர் என்ற பெயரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அப்படியானால் 'உலகை ஆள்' என்ற வாசிப்பு அக்காலத்தில் எவ்வளவு இயல்பாகிவிட்டிருந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்லாவியர்களின் பழைய ஈருறுப்புப் பெயர்களைத் தமிழ்த் தொகைச்சொல்லைப் பிரிப்பது போலப் பிரித்து, முன்பாதி வினை, பின்பாதி செயப்படுபொருள் என்று எப்போதும் வாக்கியமாக்கிவிட முடியாது. புகழைக் குறிக்கும் 'ஸ்லாவ்', 'மிர்', 'வொலொத்' போன்ற மங்கல உறுப்புகள் கையிருப்பில் இருந்தன. பெற்றோர் அவற்றை எடுத்துக் கோத்தார்கள். மிரஸ்லாவ் என்றும் பெயர் உண்டு, ஸ்லாவமிர் என்றும் பெயர் உண்டு. உறுப்புகள் முன்பின்னாக மாறினாலும் இரண்டும் நல்ல பெயர்களே. ஆகவே 'எதை ஆள்பவன்' என்று விளாதிமிரைக் கேட்பதே ஓரளவு நாம் திணிக்கும் இலக்கணம். இடையில் ஒரு சிறு எச்சரிக்கை: நம்மிடையே வழங்கும் மீர் என்ற இஸ்லாமியப் பட்டப்பெயர் அரபு 'அமீர்' என்பதிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது, அதற்கும் இந்த 'மிர்' என்பதற்கும் உறவில்லை.

இனி இப்பெயரைத் தாங்கியவர்கள். வரலாற்றில் நன்றாகத் தெரிந்த முதல் விளாதிமிர், 889 முதல் 893 வரை பல்கேரியாவை ஆண்ட விளாதிமிர் ரசாத்தே. அவனுடைய தந்தை முதலாம் போரிஸ் நாட்டைக் கிறித்தவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மடத்தில் சேர்ந்தவர். மகன் பழைய சமயத்துக்கு நாட்டைத் திருப்ப முயன்றான். தந்தை மடத்திலிருந்து வெளியே வந்து மகனைப் பிடித்துக் கண்களைக் குருடாக்கி, இளைய மகன் சிமெயோனை அரியணையில் ஏற்றினார். அதே பெயர் நூறு ஆண்டுக்குள் வேறு நாட்டில் ஞானமுழுக்கின் பெயராக மாறியதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

அந்த இரண்டாமவர்தான் கீவின் மாபெரும் விளாதிமிர். ஸ்வியத்தஸ்லாவ் என்ற இளவரசருக்கும், பாட்டி ஓல்காவின் அரண்மனையில் பணிபுரிந்த மாலூஷாவுக்கும் பிறந்தவர். அண்ணன் தம்பிப் போரில் வென்று 980 வாக்கில் கீவைப் பிடித்தவர். முதலில் பெருன் முதலிய பழைய தெய்வங்களுக்கு மேட்டில் சிலைகள் நிறுத்தியவரும் அவரே; 988 ஐ ஒட்டி பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பசிலின் தங்கை அன்னாவை மணந்து, ஞானமுழுக்குப் பெற்று, அச்சிலைகளை ஆற்றில் தள்ளச் செய்தவரும் அவரே. ஞானமுழுக்கில் அவருக்குச் சூட்டிய பெயர் வசீலி. அது அந்தப் பேரரசரின் பெயர். ஆயினும் நாட்டுமக்கள் நினைவில் நின்றது விளாதிமிர் மட்டுமே. 1015 ஜூலை 15 இல் இறந்தார். பின்னர் புனிதராகப் போற்றப்பட்டார். கிரேக்க, எபிரேயப் பெயர்களே நிறைந்த கிழக்குத் திருச்சபை நாட்காட்டியில் ஒரு ஸ்லாவியப் பெயர் இடம்பிடித்தது இப்படித்தான். பெயரின் தொடர்ச்சிக்கு இதுவே முதற்காரணம் என்பேன். திருநாள் இல்லாத பழைய பெயர்கள் பல வழக்கொழிந்து போயின, இது தங்கியது.

அவர் வெளியிட்ட பொற்காசிலும் வெள்ளிக்காசிலும் இப்பெயரைப் படிக்கலாம். வெள்ளிக்காசில் 'விளாதிமிர் அரியணையில், இது அவனுடைய வெள்ளி' என்று பொறித்திருக்கிறது. அதில் 'வொலொ' இல்லை, 'விளா'தான் இருக்கிறது. கீவில் அடித்த காசிலேயே திருச்சபை மொழி வடிவம் ஏறிவிட்டது. காசின் மறுபுறம் உள்ள சூலம் போன்ற குறியை உக்ரைன் 1992 இல் தன் அரசுச் சின்னமாக ஏற்றது. கீவிலிருந்து வந்த ஒரு மாணவி எனக்கு ஒரு ஹிரீவ்னியா நாணயம் ஒன்றைக் கொடுத்தார்.  ஒருபுறம் தாடியும் மீசையுமாக, கையில் தேவாலய உருவை ஏந்திய அதே வொலோதிமிர். நான் அதை விளாதிமிர் என்று படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நாணயத்தைத் திருப்பி வாங்கி, வொலோதிமிர் என்று நிறுத்தி உச்சரித்துவிட்டு மீண்டும் என் கையில் வைத்தார். அதற்குப் பின் உக்ரேனியரைப் பற்றிப் பேசும்போது நான் இரண்டாம் வடிவத்தையே பயன்படுத்துகிறேன்.

ஏறத்தாழ அதே காலத்தில் அத்ரியாத்திக் கடற்கரையை ஒட்டிய தூக்லியாவை யோவான் விளாதிமிர் என்பவர் ஆண்டார். பல்கேரிய அரசன் இவான் விளாதிஸ்லாவ் பாதுகாப்புத் தருவதாகச் சொல்லி வரவழைத்து, 1016 மே 22 இல் பிரெஸ்பாவில் அவரைக் கொன்றான். கொன்றவன் பெயரிலும் அதே 'விளாத்'. இன்றைய மொந்தெநேக்ரோவின் பார் நகருக்கு அவர் காவல் புனிதர். அவர் ஏந்தியதாக நம்பும் சிலுவையைப் பெந்தெகொஸ்தே நாளில் ருமியா மலையுச்சிக்கு எடுத்துச் செல்லும் ஊர்வலத்தில் ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, இஸ்லாமிய மக்கள் சேர்ந்தே நடந்து வந்திருக்கிறார்கள்.

கீவின் மற்றொரு பெரிய பெயர் விளாதிமிர் மோனோமாக் (1053–1125). தம் பிள்ளைகளுக்கு அவர் எழுதிய அறிவுரையின் தொடக்கத்தில், தாத்தா யாரஸ்லாவ் தமக்கு ஞானமுழுக்கில் வசீலி என்றும் ருஸ் (அன்றைய கீவ் நாட்டின் பெயர்) நாட்டுப் பெயராக வொலொதிமிர் என்றும் சூட்டியதாகச் சொல்கிறார். ஒருவருக்கு இரண்டு பெயர்கள் இருந்ததையும், அவற்றில் எதைத் தம் நாட்டுப் பெயராக அவர்கள் கருதினார்கள் என்பதையும் அவருடைய வாயாலேயே அறிகிறோம். இன்றைய ரஷ்யாவில் உள்ள விளாதிமிர் நகரை அவர் 1108 இல் எழுப்பினார் என்பது நெடுநாள் வழங்கும் கருத்து. 990 இல் மூதாதை விளாதிமிரே நிறுவினார் என்போரும் உண்டு. ஊர்ப்பெயரின் பழைய வடிவம் மென்மையாக ஒலிக்கும் 'ர்' ஒலியோடு முடிந்தது. 'விளாதிமிருக்கு உரியது' என்ற உடைமைப் பொருளைத் தருவது அந்த மென்மைதான். உக்ரைனின் வொலீனியாவிலும் இப்பெயரில் பழைய நகரம் ஒன்று உண்டு.

மோனோமாக்கின் வழியாக இப்பெயர் கடல் கடந்தது. அவருடைய மகன் முஸ்திஸ்லாவின் மகள் இங்கெபோர்க் டென்மார்க் அரச குடும்பத்தில் மணமானார். கணவர் 1131 ஜனவரியில் கொலையுண்டு ஒரு வாரத்தில் மகன் பிறந்தான். அந்தத் தாய் தன் பாட்டனாரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார். அந்தப் பிள்ளைதான் டென்மார்க்கின் முதலாம் வல்தெமார் மன்னர். வட நாட்டார் கதைகளில் கீவின் விளாதிமிர் ஏற்கெனவே 'வல்தமார்' என்றே வருகிறார். புகழைக் குறிக்கும் சொல் அவர்கள் மொழியிலும் இருந்ததால் இப்பெயர் அவர்களுக்கு அந்நியமாக ஒலிக்கவில்லை. ஸ்லாவியர்கள் மறந்துபோன பின்பாதியின் பொருளை அவர்கள் தங்கள் சொல்லால் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. இன்று ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் வழங்கும் வால்தெமார் இதுதான். ருமேனியரின் 'விளாத்' இதன் சுருக்கமன்று. அதே வேரில் தனியாக நின்ற பெயர்.

புதிய காலத்துக்கு வந்தால் பட்டியல் முடிவில்லாமல் நீளும். 1870 ஏப்ரல் 22 இல் சிம்பிர்ஸ்கில் பிறந்த விளாதிமிர் இலியீச் உல்யானோவ்தான் லெனின். லெனின் என்பது அவர் பின்னர் எடுத்துக்கொண்ட புனைபெயர். கேட்டவரின் குடும்பத்தில் தாத்தாவின் மகனுக்குப் புனைபெயரும் பிறக்கப்போகும் குழந்தைக்கு இயற்பெயருமாக அமையப்போகிறது. சோவியத் பெற்றோர் அவருடைய முதலெழுத்துகளையும் பெயரையும் சேர்த்து விளாத்லென், விலேன் என்றெல்லாம் புதுப்பெயர்கள் ஆக்கினார்கள். பெண் குழந்தைகளுக்கு லெனினைத் தலைகீழாக்கி நினேல் என்று வைத்தார்கள். புவியியல் படித்தவர்கள் அறிந்த தட்பவெப்ப வகைப்பாட்டைத் தந்த கெப்பென், உயிர்க்கோளம் என்ற கருத்தை விரித்த வெர்னாத்ஸ்கி, கவிஞர் மயகோவ்ஸ்கி, பாடகர் விசோத்ஸ்கி, 1967 இல் விண்கலம் தரையில் மோதி உயிரிழந்த விண்வெளி வீரர் கமரோவ் ஆகிய அனைவரும் விளாதிமிர்களே. 2008 இல் பான் நகரில் நம் விசுவநாதன் ஆனந்த் உலகச் சதுரங்கப் பட்டத்துக்காக எதிர்கொண்டு வென்ற கிராம்னிக்கும் விளாதிமிர்தான்.

1952 இல் லெனின்கிராதில் பிறந்த விளாதிமிர் விளாதிமிரவிச் புதினும், 1978 இல் கிரிவீ ரீகில் பிறந்த வொலோதிமிர் ஜெலென்ஸ்கியும் ஒரே பழைய இளவரசரின் பெயரைத் தாங்கி நிற்கிறார்கள். கீவில் தினீப்பர் ஆற்றைப் பார்த்தபடி சிலுவை ஏந்திய அவருடைய சிலை 1853 முதல் நிற்கிறது; மாஸ்கோ கிரெம்ளின் அருகே அவருக்கு இன்னொரு பெருஞ்சிலையை 2016 இல் எழுப்பினார்கள். இரு நாடுகளும் அவரைத் தம்முடையவர் என்கின்றன. அவர் வாழ்ந்தபோது இன்றைய ரஷ்ய அரசும் இல்லை, உக்ரைன் அரசும் இல்லை. ஆண்ட நகரம் கீவ் என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது. போர் நடந்துகொண்டிருக்கும் இந்நாட்களில் இப்பெயரைக் கேட்பவர்கள் முதலில் யாரை நினைப்பார்கள் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்ப்பது இயல்பு. என்னைக் கேட்டால், ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்துவிட்ட பெயரை ஒரு தலைமுறையின் அரசியல் கொண்டு ஒதுக்க வேண்டியதில்லை; ஆனால் அம்முடிவு குடும்பத்தினுடையது.

தமிழில் எழுதும் முறையைப் பற்றியும் ஒரு சொல். ரஷ்ய மொழியில் அந்தத் தகரம் பல்லொலி. ஆகவே 'விளாடிமிர்' என்பதைவிட 'விளாதிமிர்' பொருத்தம். அகரத்துக்கு முன் வரும் ரஷ்ய லகரம் நாவின் பின்பகுதி உயர்ந்து கனமாக ஒலிப்பதால் நம் முன்னோடி மொழிபெயர்ப்பாளர்கள் ளகரத்தைத் தேர்ந்தது நல்ல தேர்வு. லெனினின் லகரம் மென்மையானது, எனவே அங்கு லகரமே சரி. அழுத்தம் 'தி' என்ற நடு அசையில் விழ வேண்டும். வீட்டில் கூப்பிட வொலோத்யா என்றோ, குழந்தை சிறிதாக இருக்கும்வரை வோவா என்றோ வைத்துக்கொள்ளலாம்; ரஷ்யக் குழந்தைகளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். 'விளாத்' என்று மட்டும் சுருக்க வேண்டாம். ரஷ்யர் காதுக்கு அது விளாதிஸ்லாவ் என்ற வேறொரு பெயரின் சுருக்கம். என் விடுதி அறைத்தோழன் விளாதிமிரை முதல் வாரம் நான் அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம் அவன் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான்.